பக்கம் பார்த்துப் பேசிய நாடு: அல்பேனியப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், திரானா

அல்பேனியத் தலைநகர் திரானாவின் விமான நிலையத்துக்கு அன்னை தெரசாவின் பெயர். ஆனால் இந்த ஊரோடு அவருக்கு இருந்த கணக்கு அவ்வளவு இனிமையானதில்லை. அவர் பிறந்தது இன்றைய வட மாசிடோனியாவில் உள்ள ஸ்கோப்யேயில். அம்மாவும் அக்காவும் பிறகு திரானாவுக்குக் குடிவந்தார்கள். 1944 முடிவில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுத் தலைவர் என்வர் ஹோஜா நாட்டின் எல்லைகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். அதற்கப்புறம் அம்மாவாலும் அக்காவாலும் வெளியே போக முடியவில்லை, கல்கத்தாவில் இருந்தவரால் உள்ளே வர முடியவில்லை. அம்மா 1972இல் இறந்தார், அக்கா அடுத்த வருடம். அன்னை தெரசா இங்கே கால் வைத்தது 1989இல், நோபல் பரிசு வாங்கிப் பத்து வருடம் கழித்து.

ஹோஜா 1985 ஏப்ரலில் சாகும்வரை நாற்பது வருடம் ஆண்டார். அப்போது மொத்தமே முப்பது லட்சம் பேர் இருந்த நாடு. இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு நாள், இவ்வளவு இறுக்கமாக ஒரு பிடி எப்படி நிலைத்தது? அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

காலையில் ஸ்கண்டர்பெக் சதுக்கம். 1991 பிப்ரவரி 20 அன்று கூட்டம் கயிறு கட்டி ஹோஜா சிலையை இழுத்துத் தள்ளிய இடம் இதுதான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ‘பிளோக்கு’ என்ற பகுதி. கட்சித் தலைவர்கள் மட்டும் குடியிருந்த இடம் அது, சாதாரண ஜனங்கள் உள்ளே போகக் கூடாது. இப்போது தெருவுக்கு இருபது காப்பிக்கடை. ஹோஜாவின் வீடு எதிரில் தெரியும்படி நாற்காலி போட்டுக் காப்பி விற்கிறார்கள். வரிசையாக நிற்கும் கார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆட்சி விழும்வரை இந்த நாட்டில் தனிமனிதர் கார் வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லை.

மாலையில் ‘இலைகளின் வீடு’. சுவரெல்லாம் கொடி படர்ந்ததால் அந்தப் பெயர். 1931இல் பிரசவ மருத்துவமனையாகக் கட்டியது. போரின்போது ஜெர்மானியரின் கெஸ்டபோ வந்து உட்கார்ந்தது. அவர்கள் போனதும் ஹோஜாவின் ரகசியப் போலீஸான சிகுரிமி எடுத்துக்கொண்டு, கடைசிவரை ஒட்டுக்கேட்கும் வேலைக்கு வைத்திருந்தது. 2017 முதல் அருங்காட்சியகம்.

உள்ளே டேப் ரெக்கார்டர்கள், காதொலிக் கருவிகள், கடிதங்களைக் கிழியாமல் பிரித்து மறுபடி ஒட்டும் சாமான்கள். ஓர் அறையில் அந்தக் காலத்து வீட்டுக்கூடத்தை அப்படியே அமைத்திருக்கிறார்கள். சோபா, ரேடியோ, மேலே பின்னல் விரிப்பு போட்ட தொலைக்காட்சிப் பெட்டி. பார்த்த உடனே உட்காரத் தோன்றும் கூடம். பக்கத்துப் பெட்டியில் மைக் இருக்கிறது, சுண்டுவிரல் நுனி அளவுதான். குனிந்து பார்த்தேன். அதிலிருந்து கிளம்பும் கம்பி தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. மரச்சாமான் காலில் துளை போட்டு இதை உள்ளே வைத்து மெழுகி விட்டால் வீட்டுக்காரருக்கு ஆயுசுக்கும் தெரியாது.

ஆனால் ஒரு வீட்டுப் பேச்சைக் கேட்க ஓர் ஆள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும், மூன்றாமவர் படிக்க வேண்டும். நாடு முழுக்க இப்படிக் கேட்க எந்த அரசாலும் முடியாது. மைக் எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும், மிச்ச வேலையை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வார். ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்று நாம் பழமொழியாகச் சொல்வதை இவர்கள் நாற்பது வருடம் நடைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள்.

புதன், திரானா

இன்று ‘பங்க்ஆர்ட் 2’. உள்துறை அமைச்சகத்துக்கு அடியில், அணுகுண்டுக்குப் பயந்து 1980களில் தோண்டிய சுரங்க அறைகள். வாசல் ஒரு கான்கிரீட் குமிழ். நுழைந்து அண்ணாந்து பார்த்தால் உட்பக்கம் முழுக்க முகங்கள், ஆட்சியால் கொல்லப்பட்டவர்களின் படங்கள். அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 6,000 பேர், சிறையில் கிடந்தவர்கள் சுமார் 34,000 பேர்.

எனக்குப் பிடித்தது (பிடித்தது என்று சொல்லலாமா?) உள்துறை அமைச்சர்களின் கதை. சிகுரிமியைக் கட்டி எழுப்பிய கோச்சி ஜோஜே 1949இல் துரோகி என்று கொல்லப்பட்டார். பின்னர் அந்தப் பதவிக்கு வந்த மெஹ்மெத் ஷெஹு பிறகு பிரதமராகி, ஹோஜாவுக்கு வலக்கையாக இருபத்தேழு வருடம் இருந்தார். 1981 டிசம்பரில் ஒரு காலை அவர் படுக்கையில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றது அரசு. அப்புறம் அவர் பல நாடுகளுக்கு உளவாளி என்றும் அறிவித்தது. மனைவியும் மகன்களும் சிறைக்குப் போனார்கள். கால் நூற்றாண்டு உள்துறையை வைத்திருந்த கத்ரி ஹஸ்பியுவையும், அவருக்குப் பின் வந்த ஃபெச்சோர் ஷெஹுவையும் 1983இல் சுட்டுக் கொன்றார்கள். பூட்டைச் செய்தவருக்கே சாவி கிடைக்கவில்லை. இவர்கள் மேல் இரக்கப்பட என்னால் முடியவில்லை. இவர்கள் கையெழுத்தில் போனவர்களின் படங்கள்தான் வாசலில் இருக்கின்றன.

மெஹ்மெத் ஷெஹு வீட்டில் நடந்ததைக் கவனியுங்கள். குற்றம் சாட்டியது ஒருவர் மேல், தண்டனை குடும்பத்துக்கு. பிரதமர் வீட்டுக்கே இதுதான் விதி என்றால் தெருவில் போகிறவருக்கு என்ன விதி என்று எல்லாருக்கும் புரிந்திருக்கும். ‘பியோகிராஃபி’ என்று ஒரு சொல் இங்கே வயதானவர்கள் பேச்சில் அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கட்சி எழுதி வைத்த ஜாதகம் அது. தாத்தா நிலம் வைத்திருந்தாரா, சித்தப்பா எல்லை தாண்டினாரா, மாமா ஜெயிலில் இருக்கிறாரா? இருந்தால் பேரனுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது, நல்ல வேலை கிடையாது, பெண் கொடுக்கவும் ஆள் வராது.

தணிக்கை பற்றியும் இன்றே எழுதிவிடுகிறேன். 1972 டிசம்பரில் இங்கே வருடாந்தரப் பாட்டுவிழா நடந்தது, பதினோராவது விழா. பாட்டில் கொஞ்சம் இத்தாலிய மெட்டு, உடையில் கொஞ்சம் நிறம், மேடை அலங்காரத்தில் கொஞ்சம் புதுமை. அவ்வளவுதான் நடந்தது. தொலைக்காட்சியில் பார்த்த ஜனங்கள் கொண்டாடினார்கள். சில வாரத்தில் ஹோஜா இதைத் தாராளவாதம், முதலாளித்துவ நஞ்சு என்று கிழித்தார். வானொலி தொலைக்காட்சித் தலைவர் தோதி லுபோன்யாவும், கலாசாரப் பொறுப்பிலிருந்த ஃபாதில் பாச்ராமியும் பதவி போய்ச் சிறைக்குப் போனார்கள். அதன்பின் ஒவ்வொரு எழுத்தாளரும் பாடகரும் பேனாவை எடுக்கும்போதே தனக்குள் ஒரு தணிக்கையாளரை உட்கார வைத்துக்கொண்டார்கள். அரசுக்குச் செலவே இல்லை.

தோதி லுபோன்யாவின் மகன் ஃபாத்தோஸ் அப்போது இளைஞர். அவர் எழுதி மறைத்து வைத்திருந்த நாட்குறிப்புகள் போலீஸ் கையில் சிக்கின. யாருக்கும் காட்டாத, அச்சுக்கே போகாத தாள்கள். அதற்கு ‘கிளர்ச்சி, பிரசாரம்’ என்ற சட்டப்பிரிவில் 1974இல் ஏழு வருடம் போட்டார்கள். தனக்குத்தானே எழுதுவதும் பிரசாரமாம். இந்தப் பிரிவு 1977 குற்றவியல் சட்டத்தில் 55ஆவதாக வந்தது. ரொட்டி வரிசையில் நின்று முணுமுணுத்ததும் வெளிநாட்டுச் சாமானைப் புகழ்ந்ததும்கூட இதில் அடங்கின.

இன்னொன்று ‘மின்னல் தாள்’. பணியிடச் சுவரில் உன் பெயரைப் போட்டு, நீ செய்த தவறு இது என்று சக ஊழியரே எழுதி ஒட்டுவார். நீ பொதுவில் பதில் சொல்லியாக வேண்டும், தவறை ஒப்புக்கொண்டு. போட்டுக்கொடுப்பதற்கு எங்கும் ஆள் கிடைக்கும். இங்கே அதைப் பகிரங்கமான கடமையாக்கி வைத்திருந்தார்கள்.

ஆனாலும் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. இத்தாலிய ஒளிபரப்பை அரசு இரைச்சல் போட்டு மறித்தது. இவர்கள் தகர டப்பாவில் சொந்தமாக ஒரு ஏரியல் செய்து, ராத்திரியில் மாட்டி, காலையில் கழற்றி ஒளித்தார்கள். பலர் இத்தாலி மொழி கற்றதே அப்படித்தானாம். தங்கியிருக்கும் விடுதிக்காரர் அந்த வயதுக்காரர். சரளமான இத்தாலியில்தான் என்னை வரவேற்றார்.

வியாழன், ஷ்கோதர்

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வடக்கே. கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர், சைக்கிள்களும் நிறைய. 1967இல் ஹோஜா இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மசூதி, தேவாலயம், மடம் எல்லாவற்றையும் மூடினார். 1976 அரசியல் சட்டத்திலேயே அரசு எந்த மதத்தையும் ஏற்கவில்லை, நாத்திகப் பிரசாரத்தை ஆதரிக்கிறது என்று எழுதினார்கள். இந்த ஊர்ப் பேராலயம் விளையாட்டு அரங்கமானது. பலிபீடம் இருந்த இடத்தில் கூடைப்பந்து. 1975இல் இன்னோர் ஆணை, மத வாடை வீசும் பெயர் வைத்திருப்பவர்கள் பெயரை மாற்ற வேண்டும் என்று. பிறந்த குழந்தைக்குத் தாத்தா பெயர் வைக்கவும் அரசுப் பட்டியலைப் பார்க்க வேண்டிய நிலை.

மதியம் ‘சாட்சியமும் நினைவும்’ அருங்காட்சியகம். உள்துறையின் விசாரணைக் கட்டடமாக இருந்தது. சிவப்பு விளக்கு போட்ட ஒரு நடை, அதன் முடிவில் கொட்டடிகள். ஒன்றுக்குள் நின்று கையை விரித்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சுவர் தட்டியது.

இந்த வட்டாரத்துப் பாதிரியார் எர்னெஸ்ட் சிமோனி. 1963 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு திருப்பலி முடித்தவரைப் பிடித்துப் போனார்கள். மரண தண்டனை விதித்து, பிறகு கடுங்காவலாகக் குறைத்தார்கள். சுரங்கத்திலும், விடுதலைக்கு அப்புறம் சாக்கடை வேலையிலும் வருடங்கள் போயின. சிறையில் கூட இருந்தவர்களிடம், ஆட்சியைத் திட்டுகிறாரா என்று கேட்டு வந்து சொல்லச் சொன்னார்களாம். போப் பிரான்சிஸ் 2016இல் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார்.

வெள்ளி, ஸ்பாச்

வாடகைக் காரில் மிர்தித்தா மலைகளுக்குள் போனோம். நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்ததும் பாதை மோசம். மூன்று பக்கமும் மலை எழும்பி நிற்கும் ஒரு குழிவில், படிப்படியாகக் கான்கிரீட் கட்டடங்கள். கதவில்லை, சன்னலில்லை. தாமிரமும் பைரைட்டும் தோண்ட 1968இல் திறந்த கைதி முகாம் இது.

காவல்காரர் இல்லை, டிக்கெட் இல்லை. ஓர் அறைக்குள் நுழைந்தேன். தரையில் சிமெண்டு பெயர்ந்து, ஆட்டுப் புழுக்கை. சுவரில் கட்டில் சட்டங்கள் பதிந்த துளைகள் வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன், அறைக்கு அத்தனை பேர். வெளியே சுரங்க வாயிலிலிருந்து தண்ணீர் கசிந்து வருகிறது. துருநிறம், ஓடும் பாதையில் கல்லெல்லாம் ஆரஞ்சாகப் படிந்து கிடக்கிறது. கந்தகத் தாது கரைந்த நீர், கைதிகளின் துணியை அரித்துவிடுமாம். நாளுக்கு மூன்று ஷிப்ட். இலக்கை எட்டாதவர்களுக்குக் குளிர்காலத்திலும் தனிக்கொட்டடி.

1973 மே மாதம் இங்கே கைதிகள் கிளர்ந்தார்கள். கம்யூனிச நட்சத்திரம் இல்லாத கொடியைக் கூரையில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் படை வந்து அடக்கியது. நான்கு பேரைச் சுட்டார்கள், பலருக்குத் தண்டனையைக் கூட்டினார்கள். நேற்று முன்தினம் நான் குறிப்பிட்ட ஃபாத்தோஸ் லுபோன்யாவும் இங்கே கிடந்தவர்தான். ஏழு வருடம் முடியும் முன்பே, 1979இல், சிறைக்குள் சதிக்கூட்டம் நடத்தியதாக மறுபடி வழக்கு. அந்த வழக்கில் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அவர் வெளியே வந்தது 1991இல், மொத்தம் பதினேழு வருடம் கழித்து. சிறைக்குள்ளும் ஆள்காட்டிகளை வளர்த்து, அவர்கள் வாய்மொழியில் புதுத் தண்டனை கொடுப்பது இங்கே வழக்கமாகவே இருந்தது. ஜெயிலுக்குப் போய்விட்டால் இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற சுதந்திரம்கூட இல்லை.

காரோட்டி முப்பது வயதுக்காரர், இதுவரை வந்ததில்லையாம். பள்ளியில் இதைப் பற்றி எவ்வளவு படித்தீர்கள் என்றேன். “ஒரு பக்கம்,” என்றார். திரும்பும் வழியில் பேச்சு கால்பந்துக்குப் போய்விட்டது.

சனி, பெராத்

தெற்கே போகும் பஸ் லுஷ்ன்யே சமவெளி வழியாகப் போகிறது. சன்னலில் கோதுமை வயல், பசுமைக்குடில், நடுநடுவே காளான்போல் முளைத்த பதுங்குகுழிகள். ஹோஜா காலத்தில் நாடெங்கும் இவற்றைக் கட்டினார்கள். யாரும் படையெடுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் ஒரு குழி இருந்தால் எதிரி வரப்போகிறான் என்று தினமும் நினைக்காமல் இருக்க முடியாது. யூகோஸ்லாவியா 1948 வரை நண்பன், சோவியத் 1961 வரை, சீனா 1978 வரை. ஒவ்வொரு முறை நட்பு முறிந்தபோதும் அந்த நாட்டில் படித்தவர், அந்த நாட்டுப் பெண்ணைக் கட்டியவர் எல்லாம் ஒரே இரவில் சந்தேகத்துக்குரியவர் ஆனார்கள். நேற்று மேடையில் கைதட்டியதற்கு இன்று விசாரணை.

இந்தச் சமவெளியின் சாவர் போன்ற கிராமங்களில்தான் ‘இன்டெர்னிம்’ நடந்தது. கைதானவரின் மனைவி, பிள்ளைகள், பெற்றோரைத் திரானாவிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து பண்ணையில் விடுவார்கள். முள்வேலி வேண்டியதில்லை. தினமும் பெயர் கூப்பிடும்போது ஆஜராக வேண்டும், அனுமதி இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. ஐந்து வருடத் தண்டனை, முடிந்ததும் இன்னோர் ஐந்து. இதிலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்தவர்கள் உண்டு. கல்யாணமும் பெரும்பாலும் இன்னொரு தண்டிக்கப்பட்ட வீட்டில்தான். வேறு யார் வருவார்கள்?

பெராத்தில் நான் தங்கிய வீட்டு அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வகுப்பில் முதலாவதாக வந்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அவனுக்குப் பல்கலைக்கழக இடம் வரவில்லை, செங்கல் சூளைக்குப் போனான். அப்பாவின் தம்பி எல்லை தாண்டி ஓடிப்போனவர், பையன் பிறக்கும் முன்பே. “நீங்கள் ஏதாவது கேட்டீர்களா?” என்றேன். “எனக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள்,” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் பிரேக் என்ற அவர்கள் ஊர் பலகாரத்தை வெட்டி என் தட்டில் வைத்தார்.

இந்த ஆட்சியைப் பற்றி நான் தேடி வந்த பதில் இந்த அம்மாவின் ஒரு வரிதான் என்று நினைக்கிறேன். தன் உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தவர்கள் எங்கும் இருப்பார்கள். பிள்ளையின் படிப்பை, தங்கையின் கல்யாணத்தைப் பணயம் வைக்க யாருக்குத் துணிவு வரும்? மைக்கும் சுரங்கமும் துப்பாக்கியும் இந்த ஒரு பிடிக்குப் பக்கபலம். பாசமுள்ள வீடுகளைத்தான் இந்த ஏற்பாடு அதிகமாக வளைத்தது.

எதிரே ஷ்பிராக் மலையில் ஹோஜாவின் பெயரை ராட்சத எழுத்தில் கல் அடுக்கி எழுதி வைத்திருந்த கதை எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கிறது, அதனால் விடுகிறேன்.

ஞாயிறு, சராண்டா

கடற்கரை. கிரேக்கத் தீவான கோர்ஃபு கண்ணெதிரே, க்சாமில் அருகே இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். நீச்சல் தெரிந்தவர் பார்த்தால் போய்விடலாம் என்றே தோன்றும். போனார்கள். சிலர் கரையேறினார்கள், சிலர் ரோந்துப் படகின் குண்டுக்கு இரையானார்கள். எல்லை தாண்டுவது சட்டப்படி தேசத்துரோகம். தாண்டியவர் அக்கரையில் கரையேறிய அதே வாரம் இக்கரையில் அவர் வீட்டுக்கு லாரி வரும். நீந்தப் போகிறவர் அம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் அம்மாவும் குற்றவாளி.

1990 ஜூலையில் சுமார் 5,000 பேர் திரானாவின் வெளிநாட்டுத் தூதரகங்களுக்குள் சுவரேறிக் குதித்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் ‘வ்லோரா’ கப்பலில் ஏறக்குறைய 20,000 பேர் தொற்றிக்கொண்டு இத்தாலியின் பாரி துறைமுகத்துக்குப் போனார்கள். தகர டப்பாவில் பார்த்த நாட்டை நேரில் பார்க்கப் போனவர்கள். பெரும்பாலானோரை இத்தாலி திருப்பி அனுப்பிவிட்டது.

சிகுரிமியின் கோப்புகளைப் பற்றி இன்று விடுதியில் பேச்சு வந்தது. ஆட்சி மாறிய சமயத்தில் நிறைய அழிக்கப்பட்டன. மிச்சத்தைச் சம்பந்தப்பட்டவர்களுக்குக் காட்ட 2015இல்தான் சட்டம் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் கோப்புகள் 1992இலேயே திறந்தன. இருபத்து மூன்று வருடத் தாமதத்தில் கேட்டவரும் எழுதியவரும் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தாமதம் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

விடுதிக்காரரின் அப்பா எட்டு வருடம் உள்ளே இருந்தவர், இப்போது இல்லை. அவர் கோப்பைப் பார்க்க மகன் மனுப் போட நினைக்கிறார், அவருடைய அத்தை கூடாது என்கிறார். அதில் யார் பெயர் இருக்கும் என்று அத்தைக்கு ஏற்கெனவே தெரியும்போல என்றார், சிரித்தபடியே. மனுப் படிவத்தை அச்செடுத்து வரவேற்பு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். அப்பாவின் பெயரும் பிறந்த தேதியும் நிரப்பியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. அத்தை வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம், அது முடியட்டும் என்றார்.